சூடைக்குச் சோறு போடுவது யார்?

காரல் மீன் ஆயும்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். மேலுதட்டை விரல் நுனியால் பிடித்து மெதுவாக இழுத்தால் வாய் குழாய் போல வெளியே நீண்டு வரும். சில காரலுக்கு அந்தக் குழாய் மேலே பார்த்து நீளும், சிலதுக்குக் கீழே பார்த்து. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ கலப்புக் காரலாக ஒரு கூறு வாங்கினால் இரண்டு சாதியும் அதற்குள் இருக்க வாய்ப்புண்டு. கீழே நீளும் வாய் கடல் தரையைக் கிளறித் தின்பதற்கு. மேலே நீளும் வாய் தண்ணீரில் மிதப்பதை உறிஞ்சுவதற்கு.

அடுத்து காணாங்கெளுத்தி. வாயைத் திறந்து உள்ளே பார்த்தால் செவுளின் உட்பக்கத்தில் கோழியிறகு போல நீளநீளமான முட்கள் அடுக்கி நிற்பது தெரியும். மூச்சு விடுவதற்கும் அந்த முட்களுக்கும் சம்பந்தமில்லை. அது வடிகட்டி. வாயைத் திறந்தபடி நீந்தினால் தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும், தண்ணீரில் இருந்தது உள்ளே தங்கிவிடும். சூடை மீனுக்கும் இதே ஏற்பாடுதான்.

நம் அடுப்படிக்கு வரும் மலிவு மீன்களில் பலவற்றின் முகமும் இப்படி ஒரே இரைக்காகச் செய்து வைத்தது போல இருக்கிறது. ஆனால் அந்த இரையை இந்தக் கரையில் மீன் விற்பவரும் பார்த்ததில்லை, வாங்குபவரும் பார்த்ததில்லை. பாம்பனில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தால், ஒன்றுமில்லாத வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

கரையில் மேய்ச்சல் என்றால் என்னவென்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக்கருவேலங்காய் தின்னும் வெள்ளாடு, அறுத்த வயலில் கிடை போடும் செம்மறி. புல்லை நாம் தின்ன முடியாது, ஆடு தின்று அதைக் கறியாக்குகிறது. கடலிலும் இதே கதைதான். கரையோரம் தரையில் முளைத்திருக்கும் கடற்புல்லைச் சொல்லவில்லை, அதை மேய ஆவுளியா என்னும் கடற்பசுவும் ஆமையும் இருக்கின்றன. கடலின் பெரிய மேய்ச்சல் நிலம் தண்ணீரிலேயே மிதக்கிறது. வெயிலைக் குடித்து வளரும் ஒற்றைச் செல் பாசிகள் அவை. ஒரு மில்லிமீட்டருக்குள் 20, 50, சிலசமயம் 100 பாசிகளை வரிசையாக நிறுத்தலாம். இவ்வளவு பொடியை அள்ளித் தின்று வயிறு நிரப்பிக்கொள்ள எல்லா மீனாலும் முடியாது. நடுவில் ஓர் ஆடு வேண்டும்.

அந்த ஆட்டின் பெயர் கோபிபாட். கிரேக்க மொழியில் துடுப்பையும் காலையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். துடுப்புக்காலி என்று தமிழில் சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். நண்டு, இறாலுக்குத் தூரத்து உறவு. ஓடு உண்டு, கணுக்கால் உண்டு, வளர வளரச் சட்டை உரிக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. ரவை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூனி இறாலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருவாட்டுக்கடையில் கிடைக்கும் கூனி இதன் பக்கத்தில் யானை, அதுவே கோபிபாட்டைப் பிடித்துத் தின்னும் ஆள்தான்.

உடம்பு நீர்த்துளி வடிவம். தலையில் இருபுறமும் உடம்பு நீளத்துக்கு இரண்டு உணர்கொம்புகள். நெற்றியில் ஒரே ஒரு கண். குளத்துத் தண்ணீரில் வாழும் இதன் சொந்தக்காரனுக்கு சைக்ளாப்ஸ் என்று கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை வைத்தார்கள். நம் ஆட்கள் முதலில் பார்த்திருந்தால் நெற்றிக்கண்ணன் என்று வைத்திருப்பார்கள். உலகம் முழுக்க இதுவரை பெயர் வைத்தவை ஏறக்குறைய 13,000 இனங்கள். கடலில் வலை போட்டு அரிக்கும் விலங்கு மிதவைகளை, அதாவது தண்ணீரின் போக்கில் மிதந்து திரியும் பொடி விலங்குகளை, எண்ணினால் பெரும்பாலான இடங்களில் பாதிக்கு மேல் இவைதான் இருக்கும்.

இவ்வளவு சிறிய உடம்புக்குத் தண்ணீர் நமக்கு இருப்பது போல் இருக்காது. நாம் கையை வீசினால் தண்ணீர் விலகி ஓடுகிறது. ரவை அளவு உயிருக்கு அது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டும், இழுக்கும், காலை நிறுத்திய கணமே உடம்பும் நின்றுவிடும். இந்தப் பாகை வைத்தே கோபிபாட் சம்பாதிக்கிறது. வாயருகே உள்ள சின்னக் கால்களை விடாமல் அசைத்து ஒரு மெல்லிய நீரோட்டத்தை உண்டாக்கித் தன் பக்கம் வரவைக்கும். அதில் வரும் பாசித் துணுக்கை மணம் பிடித்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளும். கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டும் பிராணி இல்லை, பொறுக்கித் தின்னும் பிராணி. பாசி குறைந்தால் தன்னைவிடச் சிறிய ஒற்றைச் செல் விலங்குகளையும் பிடிக்கும். இந்த விஷயத்தில் வெள்ளாட்டின் குணம்தான்.

எதிரி வந்தால்? உணர்கொம்பின் மயிர்கள் தண்ணீர் நடுங்குவதை உணர்ந்த சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் துள்ளிவிடும். அந்தத் துள்ளலின் வேகத்தில் ஒரு நொடிக்குத் தன் உடம்பைப்போல் 500 மடங்கு தூரம் போகலாம் என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு நேரம் ஓடாது என்பது வேறு விஷயம். இதனால்தான் இதைப் பிடிக்கும் மீன்களின் வாய் இப்படியெல்லாம் விசித்திரமாக இருக்கிறது. காரல் குழாய் வாயைத் திடீரென நீட்டி உறிஞ்சுகிறது. பாக் நீரிணையின் கடற்புல்லுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் கடல்குதிரையின் முகம் ஏன் அப்படி நீண்டிருக்கிறது என்பதற்கும் ஒரு விடை இதிலேயே கிடைத்தது. அந்த மூஞ்சி தண்ணீரை ஆட்டாமல் இரையை நெருங்க ஏற்ற வடிவம். கோபிபாட்டுக்குச் சேதி போவதற்குள் கதை முடிந்துவிடும்.

இனி நம் கடலுக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன்.

வடதுருவப் பக்கத்துக் கடல்களில் கலானஸ் என்று ஒரு பெரிய கோபிபாட் உண்டு. கோடையில் தின்று, உடம்புக்குள் மெழுகு மாதிரிக் கொழுப்பைச் சேர்த்து, குளிர்காலம் முழுக்க ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். குதிரில் நெல் வைத்திருக்கும் சம்சாரி அது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருப்பவை அக்கார்டியா, பாராகலானஸ், ஆய்த்தோனா போன்ற குட்டி இனங்கள். இவற்றிடம் அந்த மாதிரிச் சேமிப்பு கிடையாது. அன்றாடங்காய்ச்சிகள். இன்றைக்குக் கிடைத்த பாசி நாளைக்கு முட்டையாகும், கிடைக்காவிட்டால் முட்டை இல்லை. வெந்நீர்க் கடல் என்பதால் எல்லாமே வேகம். முட்டை பொரித்து, முதல் ஆறு பருவம் நாப்லியஸ் என்னும் பொட்டு மாதிரிக் குஞ்சாக இருந்து, அப்புறம் மறுபடி ஐந்து பருவம் சட்டை மாற்றிப் பெரிதாவது வரை இரண்டு வாரம் போல ஆகும். ஆக, நல்ல காலம் வந்தால் சட்டென்று பெருகும், கெட்ட காலம் வந்தால் அதே சட்டென்று வற்றும். இந்தக் கரையின் மீன்வளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் மீன் பிழைப்பதும் சாவதும் அது மீனாகத் தெரிவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சூடையோ நெத்திலியோ விடும் முட்டைகள் பல்லாயிரம். பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு கட்டுச்சோறாக இருக்கும். இந்த வெப்பத்தில் அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் முதல் இரை கிடைத்தாக வேண்டும். குஞ்சின் வாய் அரை மில்லிமீட்டர்கூடத் திறக்காது, அதற்குள் நுழையக்கூடிய, துள்ளத் தெரிந்தும் வேகமாகத் துள்ளத் தெரியாத, சத்துள்ள உருண்டை எது என்றால் பெரும்பாலும் கோபிபாட்டின் நாப்லியஸ்தான். நார்வே நாட்டு விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-இல் இதைத்தான் சொன்னார். ஓர் ஆண்டில் மீன் நிறையக் கிடைப்பதும் கிடைக்காததும் எத்தனை தாய் முட்டையிட்டது என்பதைவிட, குஞ்சு பசித்த நாட்களில் இரை இருந்ததா என்பதைப் பொறுத்தது என்றார். அவர் சொன்னதற்குத் திருத்தங்கள் நிறைய வந்துவிட்டன, ஆனால் அடிப்படை நிற்கிறது.

இதை நம் தடைக்காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நல்ல ஏற்பாடு, வேண்டியதும்கூட. ஆனால் தடைக்காலம் தாய் மீனைக் காப்பாற்றும், குஞ்சின் வாயில் விழும் முதல் கவளத்துக்கு அது பொறுப்பேற்க முடியாது. தடை முடிந்து முதல் நாள் போன படகு நிறைந்து வந்தால் தடைக்காலம் பலித்தது என்கிறோம், வெறும் மடியோடு வந்தால் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்கிறோம். இரண்டுமே பாதி உண்மை. மீதி, யாரும் பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில் முடிந்துபோன சமாச்சாரம்.

ஒரு கிலோ சீலாவுக்கு எவ்வளவு கோபிபாட்? பாடப்புத்தகக் கணக்கு ஒன்று உண்டு. தின்றதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகும் என்று. அப்படியானால் 1 கிலோ சீலாவுக்கு 10 கிலோ சூடை, அந்தச் சூடைக்கு 100 கிலோ கோபிபாட், அதற்கு 1,000 கிலோ பாசி. ஏட்டுக் கணக்குதான். சூடை பாசியையும் நேராகத் தின்னும், சீலா சூடையை மட்டுமே நம்பியிருப்பதில்லை, பத்தில் ஒன்று என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் ஏலக்கூடத்தில் ஒரு பெட்டி சீலாவைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் நிற்கும் கூட்டம் எவ்வளவு என்று ஊகிக்க இது போதும்.

கூட்டத்தில் பங்கு கேட்பவர்களும் நிறையப் பேர். கண்ணாடி ஊசி போலிருக்கும் அம்புப்புழு, வலையில் ஒட்டி அரிக்கும் சொறி என்னும் ஜெல்லிமீன், தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரையிலான 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை. பவளத்துக்குப் பகலில் தன் உடம்புக்குள் வாழும் பாசி சமைத்துப் போடுகிறது, இரவில் கையை விரித்து மிதவைகளைப் பிடித்துத் தின்னும். கடைசியில், உலகத்திலேயே பெரிய மீனும் இந்தப் பந்தியில்தான் உட்கார்கிறது. அம்மணி உழுவை என்று இங்கே சொல்லும் புள்ளிச் சுறா எப்போதாவது மன்னார் வளைகுடாவில் தென்படும், சில நேரம் வலையில் சிக்கிப் பதற வைக்கும். அத்தனை பெரிய வாய் அரித்தெடுப்பது இந்த ரவையையும் இதோடு மிதக்கும் பொடிகளையும்தான். கொம்புத் திருக்கையும் அப்படியே.

கோபிபாட்டின் எச்சத்துக்கும் விலை உண்டு. மெல்லிய உறையில் கட்டிய பொட்டலமாக விழுவதால் கரையாமல் கீழே இறங்கும். ஆழ்கடலில் கரியை (கார்பனை) கீழே கொண்டுபோகும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது, அங்கே அந்தப் பொட்டலம் நேரே தரையில் இருப்பவர்கள் வாய்க்குப் போய்விடும். கடலட்டை, இறால், நண்டு.

தனுஷ்கோடியில் நின்றால் இரண்டு கடலும் தெரியும். அலையடிக்கும் தென்கடல் ஆண்கடல், குளம் போலக் கிடக்கும் வடகடல் பெண்கடல் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. வாடைக்காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் பாக் நீரிணைக்குள் இறங்கி, பாம்பன் வாய் வழியாகத் தெற்கே போகும். தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்கடல் தண்ணீர் வடக்கே ஏறும். மிதப்பவற்றுக்கு நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, எதிர்த்துப் போகும் தெம்பு கிடையாது. எனவே இந்த இரண்டு கடலின் கோபிபாட் கூட்டங்களும் ஆண்டுக்கு இருமுறை ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று தள்ளப்படுகின்றன. உப்பின் அளவு மாறும்போது சில இனங்கள் அடங்கும், சில இனங்கள் பெருகும். அக்கார்டியா வகையில் சில இனங்கள் கெட்ட காலத்துக்கென்று உறங்கும் முட்டைகளைச் சேற்றில் போட்டு வைப்பதும் உண்டு. விதைநெல் மாதிரி, தண்ணீர் சரியானால் பொரிக்கும். தரையைச் சுரண்டும் இழுவலை அந்த விதைநெல்லை என்ன செய்யும் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

பாசி அதிகமானால் கோபிபாட்டுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கத் தோன்றும். எந்தப் பாசி என்பதுதான் விஷயம். கோடை தொடங்கும்போது கடல் மேலே மரத்தூள் கொட்டியது போலப் படரும் டிரைக்கோடெஸ்மியத்தைப் பெரும்பாலான கோபிபாட் தொடுவதில்லை. மேக்ரோசெட்டெல்லா என்னும் ஒல்லிக்குச்சி இனமோ அதையே பிடித்துக்கொண்டு, அதையே தின்று குடும்பம் நடத்தும். பூங்கோரை இன்னும் மோசம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாக மாறி, செத்த மீன் கரை ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே கூத்து நடந்து பவளப்பாறைகள் அடிபட்டன. பூங்கோரையின் ஆய்வகப் பெயர் நாக்டிலூக்கா. இரவில் நீலமாக மினுங்குவதும் இதே ஆள்தான். பாசி என்று சொல்லிவிடுகிறோமே தவிர, இது தன் உடம்புக்குள் பச்சைப் பாசியைக் குடிவைத்துக்கொண்டு வெளியிலும் வேட்டையாடும் ஒற்றைச் செல் உயிர். கோபிபாட் தின்ன வேண்டிய பாசியைத் தானும் தின்னும், கோபிபாட்டின் முட்டையையும் விழுங்கும். பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள உயிர்வளியைக் குடித்துவிடும், அம்மோனியாவைக் கக்கும். செத்த மீனை நாம் பார்த்தோம், படம் எடுத்தோம். பொரிக்காமல் போன முட்டைகளை யார் எண்ணுவது?

எண்ணியவர்கள் இல்லாமலும் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கி, 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் இருந்த இடம் அது. தலைமையிடம் 1971-இல் கொச்சிக்குப் போகும் வரை இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சியின் தலைநகரம் நம் மண்டபம்தான். 1950-களிலேயே இங்கே கரையோரத் தண்ணீரை அரித்து, மாதாமாதம் மிதவைகளை எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களே இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அதே மண்டபத்தில் 2010-இல் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல் தடவை. பொரிப்பகத்தில் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு முதல் இரைதான் தலைவலி. சுழல்உயிரியான ரோட்டிபரைத் தொட்டியில் பெருக்கிக் கொடுப்பார்கள், அப்புறம் ஆர்ட்டிமியா. உப்பளத்தில் வாழும் ஆர்ட்டிமியாவின் உலர்ந்த முட்டை டப்பாவில் வரும், அதில் நிறைய அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரிச் சரக்கு. இந்த இரண்டிலும் மீன் குஞ்சின் கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய ஒருவகைக் கொழுப்பு போதாது, எண்ணெய்க் கலவையில் ஊறவைத்துச் சத்தேற்றித்தான் போட வேண்டும். கோபிபாட்டில் அது இயல்பாகவே இருக்கிறது. அப்படியென்றால் அதையே வளர்த்துப் போடலாமே என்றால், அது நெருக்கியடித்து வாழாது. ரோட்டிபர் மாதிரித் தொட்டி நிறையப் பெருகாது. கடல் சும்மா கொடுப்பதைத் தொட்டியில் செய்யும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

இந்தக் குடும்பத்தின் எல்லா உறுப்பினரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. மீன் உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கடல்பேன்களும் கோபிபாட்தான், கூண்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு அவை பெரிய தொல்லை. ஊருணித் தண்ணீரில் திரியும் சைக்ளாப்ஸ் வழியாகத்தான் ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி பரவியது. காலில் புண் கட்டி, அதிலிருந்து முழம் நீளப் புழு வெளிவரும் நோய். புழுவின் குஞ்சைச் சைக்ளாப்ஸ் தின்னும், அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் நாம் குடிப்போம், அவ்வளவுதான் வழி. முக்கியமாகத் துணியில் வடிகட்டிக் குடித்து அந்த நோயை நாட்டை விட்டு விரட்டினோம், 2000-இல் இந்தியாவுக்குச் சான்றிதழும் கிடைத்தது. அதே வகையறாவில் மீசோசைக்ளாப்ஸ் என்பது கொசுப்புழுவைத் தின்னும். வியட்நாமில் பல ஊர்களில் தண்ணீர்த் தொட்டிகளில் அதை விட்டு டெங்குக் கொசுவை ஒழித்தார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. போன ஆண்டு பழைய நைலக்ஸ் புடவை ஒன்றைக் கூம்பு மாதிரித் தைத்து, நுனியில் ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டு, பாம்பனில் தெரிந்த அண்ணன் ஒருவரின் நாட்டுப்படகில் ஏறினேன். அவர் புடவையைப் பார்த்துச் சிரித்தார். பொழுது சாய்ந்த பிறகு போவதுதான் சரி, பகலில் பலதும் கீழே இறங்கி ஒளிந்திருக்கும், இருட்டியதும் மேலே ஏறும். பத்து நிமிடம் மெதுவாக இழுத்தோம். பாட்டில் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்தின் பக்கம் ஒரு கும்பல் சேர்ந்தது. விட்டுவிட்டுத் துள்ளும் பொட்டுகள், சிலதில் லேசான சிவப்பு. அண்ணன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சூடைக் குடலை அறுத்தா செவசெவன்னு சேறு மாதிரி ஒண்ணு இருக்கும்ல தம்பி. அது இதுதானா?"

அதேதான் என்றேன்.